அந்தச் சத்தத்தைப் பிள்ளைகள் தாங்களே கேட்கட்டும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

அடுத்த வாரம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆய்வகத்தில் ஹைட்ரஜன் வாயுவைத் தயாரித்து, வந்தது ஹைட்ரஜன்தானா என்று தீக்குச்சி காட்டிச் சோதிக்கப் போகிறார்கள். அமிலமும் நெருப்பும் வருகிற சோதனை என்பதால், பிள்ளைகள் வீட்டில் வந்து சொல்வதற்கு முன் நானே உங்களிடம் சொல்லிவிடுவது சரி என்று நினைத்தேன்.

"ஆசிரியர் செய்து காட்டினால் போதாதா?" என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். நான் படித்த பள்ளியில் செய்து காட்டக்கூட இல்லை. 'ஹைட்ரஜன் பாப் என்ற ஒலியுடன் எரியும்' என்று மனப்பாடம் செய்து, எழுதி, மதிப்பெண் வாங்கினேன். அந்த ஒலியை முதன்முதலாகக் காதால் கேட்டது ஆசிரியர் பயிற்சிக்குப் போன பிறகுதான். இத்தனை வருடம் எதை எழுதிக்கொண்டிருந்தோம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. நம் பிள்ளைகள் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம்.

செய்யப்போவது இதுதான். ஒரு சோதனைக்குழாயில் இரண்டு மூன்று துத்தநாகத் துண்டுகள். அவை மூழ்கும் அளவுக்கு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். குமிழ்கள் கிளம்பியதும், அதன் வாய்க்கு மேலே இன்னொரு காலிக் குழாயைக் கவிழ்த்துப் பிடிப்பார்கள். ஹைட்ரஜன் காற்றைவிடப் பதினான்கு மடங்கு லேசானது. அதனால் மேலேறி, கவிழ்ந்த குழாய்க்குள் தங்கிவிடும். அப்புறம் அந்தக் குழாயை மட்டும், கவிழ்த்தபடியே, அமிலம் இருக்கும் இடத்தைவிட்டுத் தள்ளி எடுத்துப்போய் எரியும் குச்சியை வாயருகே காட்டுவார்கள். வாயு உண்டாகும் குழாயின் பக்கம் நெருப்பு போகவே போகாது. இதில் எங்கள் வேதியியல் ஆசிரியர் மிகவும் கண்டிப்பானவர், நானும் கூட இருப்பேன்.

'பாப்' சத்தம் ஏன் வருகிறது என்பதைப் பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும் என்பது என் ஆசை. தூய ஹைட்ரஜன் சத்தமில்லாமல், கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத வெளிர்நீலச் சுடராக எரியும். காற்று கலந்திருந்தால்தான் மொத்தமும் ஒரே நொடியில் எரிந்து வெடிக்கிறது. காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதம் முதல் 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்திருந்தாலும் தீப்பற்றும். அளவு சிறியதாக, குழாய் திறந்ததாக இருக்க வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான். சத்தம் அடங்கியதும் குழாயின் உட்புறத்தைப் பார்க்கச் சொல்வோம். மெல்லிய பனிபோல ஈரம் படிந்திருக்கும். அது தண்ணீர்!

1766-இல் ஹென்றி கேவண்டிஷ் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி இதேபோல உலோகத்தில் அமிலம் ஊற்றித்தான் இந்த வாயுவை ஆராய்ந்தார், 'எரியும் காற்று' என்றார். எரிந்தால் நீர் வருகிறது என்பது தெரிந்த பிறகு, 'நீரை உண்டாக்குவது' என்ற பொருளில் ஹைட்ரஜன் என்று பெயர் வைத்தவர் பிரெஞ்சு விஞ்ஞானி லவாய்சியர். தமிழில் நீரகம் என்ற பெயரிலும் நீர் இருக்கிறது. குழாயில் படிந்த ஈரத்தைப் பார்த்த பிள்ளைக்கு இந்தப் பெயர் மறக்காது.

இப்போது என் முக்கியமான வேண்டுகோள். இதை வீட்டில் செய்து பார்க்க விடாதீர்கள். கழிவறை கழுவும் அமிலமும் ஏதாவது உலோகமும் கையில் கிடைத்தால், ஆர்வமுள்ள பிள்ளைக்கு முயன்று பார்க்கத் தோன்றும். அது நீர்த்த அமிலம் அல்ல. மூடிய பாட்டிலில் வாயு சேர்ந்தால், நெருப்பே இல்லாமல் பாட்டில் வெடித்து அமிலம் முகத்தில் தெறிக்கும். அந்த அமிலம் பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தாலோ குளோரின் என்ற நச்சு வாயு வரும். இரண்டையும் தனித்தனியாக, பூட்டி வையுங்கள்.

சோதனை நாளில் தலைமுடியைப் பின்னிக் கட்டி, மூடிய காலணியோடு அனுப்புங்கள். பாதுகாப்புக் கண்ணாடி இங்கேயே தருகிறோம். ஆஸ்துமா உள்ள பிள்ளை என்றால் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஜன்னலோரம் இடம் ஒதுக்குவோம். யாருக்காவது மனம் ஒப்பவில்லை என்றால் தயங்காமல் என்னை வந்து பாருங்கள். நீங்களும் ஒரு தடவை அந்தக் குழாயைப் பிடித்துப் பார்க்கலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்