வேத ஆராய்ச்சிக் குழு: செயலரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய ஆயர் ஐயா அவர்களுக்கும், குழுத் தலைவருக்கும், சகோதர சகோதரிகளுக்கும் ஆண்டவரின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

கர்த்தருடைய கிருபையால் இந்த ஆண்டும் வெள்ளி மாலைக் கூட்டங்கள் நடந்தன. மழை நாட்களில் ஆலயத்திற்குப் பதிலாக வீடுகளில் கூடினோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் நம்முடைய வேதக் குறிப்பேடுகளைப் பற்றியே சொல்ல விரும்புகிறேன்.

ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த வசனங்கள் நம் எல்லோரிடமும் ஏராளமாக இருக்கின்றன. ஆனால், "இது எங்கே இருக்கிறது? யார், யாருக்குச் சொன்னது?" என்று பிள்ளைகள் கேட்டால் பதில் சொல்ல முடியவில்லை என்று ஆண்டுத் தொடக்கத்தில் பலர் வருத்தப்பட்டார்கள். அதனால் ஆளுக்கொரு ஃபைல் வைத்துக்கொண்டோம். முன்பகுதியில் 66 புத்தகங்களுக்கும் தலா ஒரு தாள்: எழுதியவர், காலம், யாருக்கு எழுதப்பட்டது. பின்பகுதியில் மன்னிப்பு, ஜெபம், துக்கம் என்று தலைப்புவாரியாகத் தாள்கள். ஒரே விதிதான்: அதிகாரத்தை முழுதாக வாசிக்காமல் எந்த வசனத்தையும் தலைப்புத் தாளில் எழுதக் கூடாது.

இந்த விதியின் அருமை எரேமியா 29:11-ல் தெரிந்தது. புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளில் அடிக்கடி வரும் வசனம் அது. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கு ஏதுவான நினைவுகளே" என்பதைச் சொல்லாத வீடு நம் சபையில் இருக்காது. அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தால், எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம் அது என்று தெரிகிறது. அதற்கு முந்தின அதிகாரத்திலேயே அனனியா என்ற கள்ளத் தீர்க்கதரிசி, இரண்டு வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஜனங்களை நம்பவைக்கிறான். எரேமியாவோ வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள் என்று எழுதுகிறார். பத்தாம் வசனத்தில் 70 வருஷம் என்கிறார். அப்புறம்தான் பதினோராம் வசனம். கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பியிருக்க முடியாது. அவர்களுக்கும் சேர்த்துத்தான் கர்த்தர் சமாதானத்தைச் சொல்லியிருக்கிறார். நீண்ட நாள் நோயோடு போராடும் நம் உறுப்பினர் ஒருவர், இப்போதுதான் இந்த வசனம் தன்னோடு பேசுகிறது என்று சாட்சி சொன்னார்.

வசனம் தேட இளைஞர்கள் போனையே எடுக்கிறார்கள். நல்லதுதான். "மன்னிப்பு" என்று முழுதாகப் போட்டால் மன்னித்து, மன்னியுங்கள் எல்லாம் விட்டுப்போகும். "மன்னி" என்று மட்டும் போடுங்கள். அப்படித் தேடினாலும் லூக்கா 15-ல் இளைய குமாரனைத் தகப்பன் கட்டிக்கொள்ளும் இடமும், ஆதியாகமம் 45-ல் யோசேப்பு சகோதரருக்குத் தன்னை வெளிப்படுத்தும் இடமும் கிடைக்காது. மன்னிப்பைப் பற்றி ஒரு பிள்ளைக்கு விளக்க இவற்றைவிட நல்ல பகுதிகள் ஏது? வாசித்தவர் கைப்பட எழுதிய தாளில்தான் அவை இருக்கும்.

அதிகாரத்தை முழுதாக வாசிக்கும்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதிகார எண்களும் மூலத்தில் இல்லாதவை. 13-ஆம் நூற்றாண்டில் வந்த பிரிவுகள். ஏசாயா 53-ஐப் படித்தபோது 52:13-லிருந்தே தொடங்கினோம், பாடுபடும் கர்த்தருடைய தாசனைப் பற்றிய பகுதி அங்கேதான் ஆரம்பிக்கிறது. எத்தியோப்பிய மந்திரிக்குப் பிலிப்பு விளக்கியதும் இந்தப் பகுதியைத்தான் என்பதை அப்போஸ்தலர் 8-ல் பார்த்து, இரண்டு தாள்களிலும் குறித்துக்கொண்டோம்.

வரும் ஆண்டுக்கு பிலிப்பியர் நிருபத்தை எடுக்கலாம் என்பது செயற்குழுவின் யோசனை. நான்கே அதிகாரங்கள். "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்னும் 4:13-ஐ அதற்கு முந்தின இரண்டு வசனங்களோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் சொந்த ஆசை. சபை நூலகத்துக்கு ஒரு ஒத்தவாக்கிய அகராதியும் (ஒரு சொல் எந்தெந்த வசனங்களில் வருகிறது என்று காட்டும் நூல்), பவுலின் பயணங்களைக் காட்டும் சுவர் வரைபடமும் வாங்கித் தரும்படி ஆயர் ஐயாவைக் கேட்டுக்கொள்கிறோம். புதிதாகச் சேருகிறவர்கள் ஃபைலும் தாள்களும் பொருளாளரிடம் பெற்றுக்கொள்ளலாம்.

கிறிஸ்துவின் பணியில்,
செயலர்