ஐந்து நட்சத்திரம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செய்திகளை வாசகர்களே மதிப்பிடும் இணையதளங்கள் புதியவை அல்ல. 'டிக்' 2004-லும் 'ரெடிட்' 2005-லும் தொடங்கப்பட்டன. இன்று செய்தித்தளங்கள் சிலவற்றிலும் ஒவ்வொரு செய்தியோடும் நட்சத்திரங்களோ கட்டைவிரல் குறியோ தென்படுகின்றன. தோற்றம் மெருகேறிய அளவுக்கு, வாசகரிடம் என்ன கேட்கப்படுகிறது என்பது தெளிவாகவில்லை என்பதே என் முறையீடு.

பலர் உயிரிழந்த விபத்துச் செய்தி ஒன்றின் கீழே ஐந்து வெற்று நட்சத்திரங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றை மட்டும் தொட்டால் நடந்ததற்கு வருந்துவதாகப் பொருளா, செய்தி சரியாக எழுதப்படவில்லை என்று பொருளா? ஐந்தையும் தொடவோ கை கூசுகிறது. ஒருவர் நிருபரின் உழைப்புக்காகவும், இன்னொருவர் செய்தியில் வரும் அமைச்சர் மீதுள்ள கோபத்தாலும், வேறொருவர் தலைப்பை மட்டும் பார்த்தும் போட்ட மதிப்பெண்களைக் கூட்டி வகுத்து 3.4 என்று காட்டினால், அந்த எண் எதை அளக்கிறது என்று அத்தளத்தை நடத்துவோராலேயே சொல்ல முடியாது. யூடியூபில் வந்த மதிப்பீடுகளில் மிகப் பெரும்பாலானவை ஐந்து நட்சத்திரமாகவே இருந்ததை அந்நிறுவனமே 2009-ல் வெளியிட்டது. மறு ஆண்டே நட்சத்திரங்களைக் கைவிட்டது.

அமெரிக்காவில் இயங்கிய 'நியூஸ்டிரஸ்ட்' தளம் ஆதாரம், நடுநிலை, பின்னணி எனத் தனித்தனியே மதிப்பிடச் சொன்னது. கேள்விகள் நல்ல கேள்விகள்தாம். ஆனால் செய்தியைவிடப் படிவம் நீண்டுவிட்டால் நிரப்ப யார் மிஞ்சுவார்கள்? "சொல்லப்பட்டதற்குப் போதிய ஆதாரம் தரப்பட்டிருக்கிறதா?" என்ற ஒரே கேள்வியை முழு வாக்கியமாகக் கேட்டு, ஆம், இல்லை, சொல்லத் தெரியவில்லை என்று மூன்று விடைகள் வைத்தாலே போதும். மூன்றாவது விடை கட்டாயம் வேண்டும். அது இல்லாத இடத்தில் தெரியாதவரும் ஏதோ ஒன்றை அழுத்திவிட்டுப் போகிறார்.

வாக்களிக்கும் முன்பே பிறர் போட்ட மதிப்பெண்ணைக் காட்டுவதும் தவறு. செய்திகளைத் திரட்டித் தரும் தளம் ஒன்றில், வாசகர் கருத்துகள் சிலவற்றுக்கு ஆய்வாளர்கள் தாங்களாகவே முதல் ஆதரவு வாக்கைப் போட்டுப் பார்த்தபோது, அவற்றின் இறுதி மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் கூடியதாக 2013-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு கூறுகிறது. ஒரு வாக்கே இத்தனை பேரை இழுக்குமானால், தலைப்புக்குப் பக்கத்திலேயே 4.8 என்று போட்டுவைப்பது வாசகரின் வாயில் விடையை ஊட்டுவதாகும்.

கைப்பேசியில் படும் பாடு தனி. பக்கத்தை நகர்த்தும்போது விரல் பட்டாலே வாக்கு பதிவாகிவிடுகிறது. திரும்பப் பெற வழியில்லை. தொடும் இடம் குறைந்தது 24 பிக்சல் அகலமும் உயரமும் கொண்டிருக்க வேண்டும் என்றும், இல்லையேல் பொத்தான்களுக்கிடையே போதிய இடைவெளி வேண்டும் என்றும் மாற்றுத்திறனாளிகளும் இணையதளங்களைத் தடையின்றிப் பயன்படுத்துவதற்காக வகுக்கப்பட்ட இணைய அணுகல் நெறிமுறையின், 2023-ல் வெளியான 2.2 பதிப்பு கூறுகிறது. பார்வையற்றவர்களின் நிலை இன்னும் மோசம்: பெயரிடப்படாத நட்சத்திரங்களைத் திரைவாசிப்பான் "பொத்தான், பொத்தான்" என்று மட்டுமே படித்துக்காட்டும்.

தங்கள் இணையதளத்தில் இவ்வசதியைக் கொண்டுவரும் எண்ணம் இருக்குமானால், அதைச் செய்தியின் முடிவில் வைத்து, அளித்த வாக்கை மாற்றிக்கொள்ள இடம் கொடுத்து, வாக்களித்த பின்னரே முடிவையும், எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்பதையும் சேர்த்துக் காட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்