நன்மை ஐந்து, தீமை ஐந்து, தீர்ப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

மதிப்பீட்டுக் கட்டுரை எழுதும் முறை பற்றி உங்கள் கல்விப் பக்கத்தில் வந்த குறிப்பைப் படித்தேன். நன்மை ஐந்து, தீமை ஐந்து, கடைசியில் நடுநிலையான முடிவு என்று மாணவர்களுக்குச் சொல்லியிருந்தீர்கள். தரம் 11இல் படிக்கும் என் பேத்தி அதை வெட்டி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் தமிழ் வாத்தியார் இல்லை. 1974 முதல் 2009 வரை கொழும்பில் ஒரு தேயிலைத் தரகுக் கம்பனியில், ருசி பார்க்கும் அறையில் இருந்தவன். டேஸ்டர், அதாவது ருசி பார்ப்பவர், சொல்லச் சொல்ல எழுதுவது என் வேலை. வெள்ளைப் பீங்கான் கோப்பைகள் வரிசையாக இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே எடைத் தூள், ஒரே அளவு கொதிநீர், அதே ஆறு நிமிடம். காய்ந்த தூளைப் பார்ப்பார், அவிந்த இலையை முகர்வார், பிறகு சாயத்தை, அதாவது வடித்த தேநீரை, கரண்டியில் எடுத்து சர்ரென்று உறிஞ்சித் துப்பிவிட்டு ஒரு சொல் சொல்வார். ‘மங்கல்’ என்றால் இலை அளவுக்கு மிஞ்சி நொதித்துவிட்டது. ‘பச்சை’ என்றால் நொதித்தது போதாது. ‘புகை’ என்றால் தொழிற்சாலையில் அடுப்புப் புகை உலர்த்திக்குள் எங்கோ புகுந்திருக்கிறது. தோட்டத்துக்குக் கடிதம் போகும், ஓட்டையைத் தேடி அடைப்பார்கள். முப்பத்தைந்து வருடத்தில் ‘நன்றாக இல்லை’ என்று மட்டும் நான் ஒரு தடவைகூட எழுதியதில்லை. அதை வைத்துக்கொண்டு தோட்டத்தில் யாரும் எதையும் திருத்த முடியாது.

இன்னொன்றும் அங்கேதான் படித்தேன். நான் தலவாக்கலைப் பக்கம் பிறந்தவன். மலையில் விளைவதுதான் தேயிலை, மற்றதெல்லாம் சக்கை என்ற நினைப்போடு கொழும்புக்கு இறங்கியவன். 2,000 அடிக்குக் கீழே, காலி, மாத்தறைப் பக்கம் விளையும் தேயிலைக்குச் சாயம் கறுப்பாக, கனமாக இருக்க வேண்டும். நுவரெலியாத் தேயிலைக்குச் சாயம் மெல்லிசு, மணம்தான் அதன் சொத்து. கீழ்நாட்டுத் தேயிலையில் நுவரெலியா மணம் இல்லையே என்று ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். டேஸ்டர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. எதை எந்த அளவுகோலால் அளப்பது என்று முதலில் தீர்மானிக்காமல் வாய் திறக்கக் கூடாது என்று புரிய எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

இனி பேத்தியின் விஷயம். ‘நீங்கள் பயன்படுத்தும் ஒரு பொதுச் சேவையை மதிப்பிடுக’ என்பது தலைப்பு. கொழும்பில் காலி வீதியில் ஓடும் பஸ்ஸை எடுத்துக்கொண்டாள். கட்டணம் குறைவு, ஆனால் நெரிசல். அடிக்கடி வரும், ஆனால் சத்தம். ஆகவே நன்மையும் தீமையும் கலந்தது என்று முடித்திருந்தாள். “யாருக்கு நல்லது?” என்று கேட்டேன். “எல்லாருக்கும்தான் தாத்தா” என்றாள். “உனக்கு ஏழரைக்கு ஸ்கூல். எனக்கு பென்ஷன். ரெண்டு பேருக்கும் ஒண்ணா?”

ஒரு கிழமை வெள்ளவத்தை பஸ் ஹோல்ட்டில் நின்ற நேரத்தை எழுதி வைக்கச் சொன்னேன். 100ஆம் இலக்க பஸ் ஆனாலும் 101ஆம் இலக்கம் ஆனாலும், கால் வைக்க இடம் இருக்கிற பஸ் வரும்வரை கணக்கு. திங்கள் நான்கு நிமிடம். புதன் பத்தொன்பது. வெள்ளி இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு இருபத்திரண்டு. பிறகு கட்டுரையைத் தானே திருப்பி எழுதினாள். நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய மாணவிக்கு இந்தச் சேவையை நம்ப முடியாது என்று முதல் பந்தியிலேயே சொல்லிவிட்டாள். கட்டணம் குறைவு என்பதை மறைக்கவில்லை. ஆனால் பிந்திப் போனதற்கு வாசலில் நிற்கும்போது அந்த மிச்சக் காசால் பயனில்லை என்று எழுதியிருந்தாள். தன் கணக்கு ஐந்தே நாள் கணக்கு, அதுவும் காலை நேரத்துக் கணக்கு என்பதையும் ஒத்துக்கொண்டிருந்தாள். அந்த வரியை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

சிவப்பு மையில் ‘நடுநிலை இல்லை’ என்று திரும்பி வந்தது. முதல் கட்டுரையை அப்படியே கொடுத்திருந்தால் கூடுதல் புள்ளி கிடைத்திருக்கும் என்று அவள் அம்மாவுக்கு என்மேல் இன்னும் கோபம்.

கட்டுரை திருத்துகிறவர்களைக் குறை சொல்லவில்லை, கட்டுக்கட்டாகத் திருத்துகிறார்கள். ஆனால் நடுநிலை என்பது இரண்டு பக்கமும் சமமாக வரி எண்ணி எழுதுவதா? மறுபக்கத்தை மறைக்காமல் எடுத்துவைத்து, எது கனம் என்று நிறுத்துப் பார்த்து, காரணத்தோடு ஒரு பக்கம் சாய்ந்த பிள்ளைக்கா புள்ளி குறைப்பது? தேயிலையில் எங்கள் தீர்ப்புக்குச் செவ்வாய், புதன் ஏலத்தில் பதில் வந்துவிடும். நாங்கள் போட்ட மதிப்பு பிழையென்றால் வாங்குகிறவர் கேட்கும் விலை காட்டிக்கொடுத்துவிடும். கட்டுரைக்கு ஏலம் கிடையாது. காரணத்தைத் தாளிலேயே காட்டினால்தான் உண்டு.

அந்தக் குறிப்பைத் திருத்தி மறுபடி போடுவீர்களா? கூடவே மாணவர் எழுதிய கட்டுரை ஒன்றும் போட்டால் நல்லது. பேத்தியின் கட்டுரையை இத்துடன் வைக்கலாம் என்றுதான் பார்த்தேன். அவள் தரமாட்டேன் என்கிறாள். ஒரு கிழமைக் கணக்குப் போதாதாம், இப்போது மாலை பஸ்ஸையும் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தேயிலை அறை எழுத்தர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.