சத்புலா பாலம் அல்ல, மதகு

கிர்க்கி சத்புலாவைப் பராமரிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். தில்லி சாகேத்தில் குடியிருக்கும் தமிழன் எழுதுகிறேன்.

போன தை மாதம் மன்னார்குடியிலிருந்து மாமா வந்திருந்தார். பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தவர். வாய்க்கால் ஷட்டரை ஏற்றி இறக்கியே காலத்தை ஓட்டியவர். குதுப் மினார் எல்லாம் பார்த்த பிறகு, வீட்டுக்குப் பக்கம்தானே என்று சத்புலாவுக்குக் கூட்டிப்போனேன். பெயருக்கு அர்த்தம் ஏழு பாலம், ஏதோ பழைய பாலம் என்றேன். அவர் பதில் பேசவில்லை. ஒரு வளைவுக்குள் நுழைந்து, பக்கச் சுவரில் மேலிருந்து கீழே ஓடும் காடிக்குள் விரல்களை விட்டுத் தடவினார். உள்ளே யாரோ செருகிய சிப்ஸ் கவர் ஒன்று வந்தது.

"பாலத்துக்கு எதுக்குடா காடி? கதவு இறங்குற தடம் இது. மதகுடா."

அவர் சொன்னதுதான் சரி. 14ஆம் நூற்றாண்டில் முகமது பின் துக்ளக் ஜகான்பனா நகருக்கு மதில் எழுப்பியபோது, ஓடை குறுக்கிட்ட இடத்தில் மதிலையே அணையாக்கிவிட்டார்கள். கதவை இறக்கினால் நீர் தேங்கும், தூக்கினால் வயலுக்குப் பாயும். மதில் என்பதால் ஊருக்குக் காவலும் ஆயிற்று. (லஸ்கர் என்பதே பாரசீகச் சொல்தான்; படை என்று பொருள். துக்ளக் ஆட்கள் மாமாவைச் சிப்பாய் என்றே நினைத்திருப்பார்கள்.)

சூஃபி ஞானி நசீருத்தீன் சிராக் தில்லி இங்கே ஒளு (தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவுவது) செய்தார் என்ற நம்பிக்கையில், தீபாவளியை ஒட்டி மக்கள் இந்த நீரில் குளிக்க வருவார்களாம். "அப்போ இவங்களுக்கும் கங்கா ஸ்நானம் உண்டு" என்று மாமா சிரித்தார்.

இப்போது ஓடையும் இல்லை, நீரும் இல்லை. நீர் நின்ற பக்கம் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள், ஆடட்டும். தண்ணீரைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. காடிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பலகை, அதில் கதவு ஏறி இறங்கிய விதத்தைக் காட்டும் கோட்டுப் படம், இவ்வளவுதான். எழுத்து இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருந்தால் சரி; இடமிருந்தால் தமிழில் நான்கு வரி நாங்களே எழுதித் தருகிறோம், காசு வேண்டாம்.

அப்புறம், அந்தக் கதவை எங்கே நின்று தூக்கினார்கள் என்று மாமா கேட்டார். அதையும் படத்தில் காட்டிவிடுங்கள்.