வளை தோண்டுவதும் மணலில் புதைவதும்

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். நீங்கள் எழுதிவரும் சென்னைக் கடற்கரைக் கையேட்டின் கைப்பிரதியை முழுவதும் படித்தேன். அதில் 'மணல் நண்டுகள்' என்ற ஒரே தலைப்பின்கீழ் ஓசிப்போடு, டோட்டில்லா, எமெரிட்டா, அல்புனியா ஆகிய நான்கு பேரினங்களையும் வைத்திருக்கிறீர்கள். அச்சுக்குப் போகுமுன் அந்தத் தலைப்பை இரண்டாகப் பிரித்துவிடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

ஓசிப்போடும் டோட்டில்லாவும் மெய்நண்டுகளான பிராக்கியூரா பிரிவைச் சேர்ந்தவை. வளை தோண்டி, வெளியே வந்து இரை தேடி, மீண்டும் வளைக்குத் திரும்புபவை. எமெரிட்டாவுக்கோ வளையே இல்லை. அலை வந்து போகும் ஈர மணலில் அது பின்பக்கமாகப் புதைந்துகொண்டு, இறகு போன்ற உணர்கொம்புகளை மட்டும் வெளியே நீட்டி, வடிந்தோடும் நீரிலுள்ள நுண்ணுயிர்களைச் சலித்து உண்கிறது. அதற்குக் கொடுக்கும் கிடையாது. அதுவும் அல்புனியாவும் அனோமியூரா பிரிவில், அதாவது துறவி நண்டுகள் இருக்கும் பிரிவில், ஹிப்பாய்டியா என்னும் பெருங்குடும்பத்தில் அடங்குபவை.

அந்தப் பெருங்குடும்பத்துக்குள்ளும் பிரிவுகள் உண்டு. உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் 1758இல் ஓர் அல்புனியாவையும் 1767இல் ஓர் எமெரிட்டாவையும் மற்ற நண்டுகளோடு சேர்த்துக் கான்சர் என்ற பேரினத்திலேயே வைத்தார். இன்று எமெரிட்டாவும் ஹிப்பா என்னும் மற்றொரு பேரினமும் ஹிப்பிடே குடும்பத்தில் உள்ளன. உருண்டு நீண்ட மேலோடு அவற்றின் அடையாளம். தட்டையான மேலோட்டின் முன்விளிம்பில் முட்கள் கொண்ட அல்புனியா, அல்புனீடே குடும்பம். பிளெஃபாரிபோடா, லோஃபோமாஸ்டிக்ஸ் ஆகிய பேரினங்களும் நெடுங்காலம் இதே குடும்பத்தில்தான் இருந்தன. ஆய்வாளர் கிறிஸ்டோபர் பாய்கோ 2002இல் உலகெங்குமுள்ள இன்றைய இனங்களையும் புதைபடிவங்களையும் சேர்த்து ஆராய்ந்து, அந்த இரு பேரினங்களுக்கும் பிளெஃபாரிபோடிடே என்ற தனிக் குடும்பத்தை வகுத்தார். வகைப்பாடு இப்படி உடலமைப்பை உறுப்பு உறுப்பாக ஒப்பிட்டு எழ வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம். வாழிடத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் உறவில்லாதவை ஒன்றாகச் சேர்ந்துவிடும். வெளித்தோற்றமும் ஏமாற்றக்கூடியதே. மணலில் பின்பக்கமாகப் புதையும் ரானினா என்ற நண்டு, மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அல்புனியாவின் உறவாகவே தெரியும். ஆனால் அது பிராக்கியூராவைச் சேர்ந்தது.

எமெரிட்டா ஏசியாட்டிகா பற்றிய பக்கத்தில் ஒன்றைச் சேர்க்க வேண்டுகிறேன். அதன் சிறு ஆண்கள் பெண்ணை ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. உருவ வேறுபாட்டால் அவற்றை வேறு இனம் என்று எண்ணிவிட இடமுண்டு. இந்த இனத்தில் ஆணாக முதிர்ந்த உயிரே வளர்ந்தபின் பெண்ணாக மாறுகிறது என்பதை டி. சுப்பிரமணியம் 1981இல் வெளியிட்ட ஆய்வு விளக்கியது. ஆகவே ஆண், பெண் இரண்டின் படங்களையும் ஒரே அளவுகோலோடு அருகருகே அச்சிடுங்கள். கையேட்டோடு கரைக்கு வரும் மாணவருக்கு அதுவே பெரிதும் உதவும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்