தூண்டிலுக்கும் உரிமம் வேண்டும், வீரா

ஊத்தான் மெலிந்தாங், பேராக்

அன்புள்ள வீரா,

இங்கே எல்லாரும் நலம். நீயும் தங்கச்சியும் பேரப்பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. அதில் நீ பக்கம் பக்கமாகக் கொட்டித் தீர்த்திருக்கும் விஷயத்துக்கே என் பதில் முழுவதும் போய்விடும் போலிருக்கிறது. அதனால் ஊர்ச் செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நம் தோட்டத்து லயத்தில் கடைசியாக நின்ற வீடுகளையும் இடித்துச் செம்பனை நட்டுவிட்டார்கள். கோயிலை விட்டுவைத்திருக்கிறார்கள். இந்த ஆண்டு தீமிதிக்குக் கிள்ளான், ஷா ஆலம், ஜொகூர் என்று எங்கெங்கோ போனவர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். உன்னைக் கேட்காத ஆளில்லை. தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள், அது தனிக் கவலை. என் இளைய மகள் தெலுக் இந்தானில் தாதியாக வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். தூண்டில் கடை நன்றாக ஓடுகிறது. வெள்ளிக்கிழமை மாலையானால் கோலாலம்பூர் வண்டிகள் வாசலில் வரிசை கட்டி நிற்கின்றன.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்திரேலியாவில் உங்கள் நியூ சவுத் வேல்ஸில் கடலில் தூண்டில் போட உரிமக் கட்டணமாக ஆண்டுக்கு 35 டாலர் கட்டச் சொல்கிறார்களே, ஆண்டவன் கொடுத்த கடலுக்கு நான் எதற்குக் காசு கட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். மலேசியாவில் அப்படி ஒன்று வந்தால் தோட்டத்து ஏழைதான் அடிபடுவான், இழுவைப் படகுக்காரன் தப்பித்துக்கொள்வான் என்றும் எழுதியிருக்கிறாய். ஏழையைப் பற்றி நீ சொன்னதில் நியாயம் உண்டு. மற்றதில் நான் உன்னோடு ஒத்துப்போக மாட்டேன்.

போன மாதம் பௌர்ணமித் தண்ணீரில் பெர்ணம் ஆற்று முகத்துவாரத்தில் ஒரு பையனுக்குப் பெரிய சியாக்காப் மீன் (கொடுவா) ஒன்று மாட்டியது. நேராகக் கடைக்குத்தான் தூக்கிக்கொண்டு வந்தான். தராசுக் கொக்கியில் மாட்டியபோது வால் கீழே மேசையைத் தொட்டது. ஆளாளுக்குப் படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு பின்புறக் குழாயடியில் வைத்து வயிற்றைக் கீறினான். உள்ளே இரண்டு பக்கமும் சினை. மஞ்சளாக, முழங்கை நீளத்துக்கு, மெல்லிய சவ்வுக்குள் சிவப்பு நரம்பு ஓட, விரல் பட்டால் பிதுங்கும் பதத்தில் இருந்தது. இன்னும் ஓரிரு இரவு போயிருந்தால் அந்த ஆற்று வாயிலேயே கொட்டியிருக்கும். பையன் நல்ல பையன், சட்டத்தை மீறி ஒன்றும் செய்யவில்லை. மீறுவதற்கு இங்கே அப்படி ஒரு சட்டமே கிடையாது. எனக்கு மனசு ஆறாமல் போனது அதனால்தான்.

சியாக்காப்பின் வாழ்க்கை உனக்குத் தெரியுமோ என்னவோ. நம் ஊரில் காலம் காலமாக மீன் பிடிக்கிறவர்களில் பலருக்கே தெரியாது. அது ஆணாகத்தான் வளர்கிறது. சில ஆண்டு ஆணாகவே இருந்து, நல்ல பருமன் வந்த பிறகு பெண்ணாக மாறுகிறது. அப்படியானால் ஆற்றில் திரியும் பெரிய சியாக்காப் எல்லாம் அநேகமாகத் தாய் மீன்கள். பெரிய தாய் ஒன்று ஒரு பருவத்தில் கோடிக்கணக்கில் முட்டையிடும். சிறியதை விட்டுவிட்டுப் பெரியதைப் பிடி என்று நம் அப்பா காலத்திலிருந்து சொல்லி வருகிறோமே, சியாக்காப் விஷயத்தில் அது பாதிதான் சரி. சிறியதையும் விட வேண்டும், மிகப் பெரியதையும் விட வேண்டும். கெராப்பு (களவா மீன்) இதற்கு நேர் எதிர். அது பெண்ணாகத் தொடங்கிப் பெரிதான பிறகு ஆணாகிறது. பாறைகளில் இருக்கும் பெரிய கெராப்பையெல்லாம் வாரிக்கொண்டு வந்துவிட்டால் மிச்சமிருக்கும் பெண் மீன்களுக்குத் துணை ஏது?

உங்கள் நாட்டுக்காரர்கள் இதைப் புரிந்துகொண்டு எழுதிவைத்திருக்கிறார்கள். குவீன்ஸ்லாந்தில் இதே சியாக்காப்பை, அங்கே பாராமுண்டி என்கிறார்கள், 58 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தாலும் வைத்துக்கொள்ளக் கூடாது, 120-ஐத் தாண்டினாலும் கூடாது. முட்டையிடும் மாதங்களில் அதைப் பிடிக்கக் கூடாத மூடுகாலமும் உண்டு. நீ அடிக்கடி பிடித்துப் படம் அனுப்புகிறாயே டஸ்கி ஃபிளாட்ஹெட் மீன், அதற்கும் உங்கள் மாநிலத்தில் 2021-லிருந்து 36 முதல் 70 சென்டிமீட்டர் வரைதான் கணக்கு, ஒருவருக்கு ஐந்து மீன். 70-ஐத் தாண்டியது பெரும்பாலும் பெண் என்பதால்தானே அந்த விதி? அதை நீ ஒழுங்காகக் கடைப்பிடிப்பதும் எனக்குத் தெரியும். பிறகு உரிமத்தின் மேல் மட்டும் ஏன் இவ்வளவு கோபம்?

இழுவைப் படகைப் பற்றி நீ எழுதியதை நான் மறுக்கவே மாட்டேன். அறுபதுகளில் அந்த இழுவை வலை வந்த பிறகு இந்தக் கரையோரத்தில் எத்தனை சண்டை, எத்தனை படகு எரிப்பு, எத்தனை உயிர் போனது என்று நம் பெரியவர்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்? அதன் பிறகுதான் கரையோர வலயத்தைச் சிறு மீனவர்களுக்கென்று ஒதுக்கினார்கள், வலையின் கடைசிப் பைக்குக் கண் அளவு 38 மில்லிமீட்டர் என்று வைத்தார்கள். 1985 மீன்வளச் சட்டம் வெடியையும் விஷத்தையும் மின்சாரத்தையும் தடை செய்கிறது. விதி இருக்கிறது, இரவில் கரைக்கு நெருக்கமாக இழுவைப் படகு விளக்குகளும் தெரிகின்றன. அதைத் தடுக்க வேண்டியது அரசாங்கத்தின் வேலை, அதை விடாமல் கேட்க வேண்டியது நம் வேலை. ஆனால் கேட்கிறவன் தன் ஐஸ் தோங்கை, அந்த மீன் பெட்டியைத் திறந்து காட்ட முடிகிறவனாக இருக்க வேண்டும், வீரா.

இன்றைக்குத் தூண்டில் போடுகிறவர் யார் என்று நீ வந்து பார்க்க வேண்டும். மாலையில் பாலத்தடியில் பும்புன் புழுவைக் கோத்துப்போட்டு, குழம்புக்கு நாலு கெலாமா, இரண்டு செம்பிலாங் பிடித்துப் போகும் ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளியை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறாய். அவரும் இருக்கிறார், அவர் இருக்கட்டும். ஆனால் இப்போது வாடகைப் படகு பிடித்து, மீனைத் திரையில் காட்டும் கருவியும் மின்சார ரீலும் வைத்துக்கொண்டு புலாவ் செம்பிலான், புலாவ் ஜாராக் பக்கம் போய் இரண்டு இரவு தங்கிவிட்டு வருகிறார்கள். தோங் நிறைய ஜெனாஹாக், கெராப்பு, தெங்கிரி. படகுச் செலவை எடுக்க வேண்டுமென்று பாதியை உணவுக்கடைகளுக்கு விற்பவர்களும் உண்டு. விற்கிற ஆளைப் பொழுதுபோக்குக்காரர் என்று எப்படிச் சொல்வது? மீனவர்கள் கொண்டுவருவதற்காவது மீன்வளத் துறையில் கணக்கு இருக்கிறது. இவர்கள் கொண்டுவருவதை யார் எழுதுகிறார்கள்? இவர்கள் என் வாடிக்கையாளர்கள், என் வருமானமே இவர்களால்தான். அதனால்தான் அடித்துச் சொல்கிறேன், எத்தனை பேர் கடலுக்குப் போகிறார்கள், எவ்வளவு கொண்டுவருகிறார்கள் என்று தெரியாமல் இந்த நாட்டில் யாரும் ஒரு நல்ல விதியைக் கூட எழுத முடியாது. உரிமம் வந்தால் முதலில் அந்தத் தலைக்கணக்காவது கிடைக்கும்.

காசு எங்கே போகிறது என்பது அடுத்த கேள்வி. கோயில் திருவிழாவுக்கு வசூல் பண்ணிய தொகைக்கு வரவு செலவு எழுதி மண்டபச் சுவரில் ஒட்டினால் அடுத்த வருஷம் யாரும் முணுமுணுக்காமல் கொடுப்பார்கள். இதுவும் அப்படித்தான். உங்கள் மாநிலத்தில் 2001-ல் கடலுக்கும் சேர்த்து இந்தக் கட்டணம் வந்தபோது பணத்தைத் தனி அறக்கட்டளையில் போட்டார்கள். அதிலிருந்து வணிக மீனவர்களுக்கு விலை கொடுத்து அவர்கள் உரிமத்தை வாங்கிக்கொண்டு, 30 இடங்களைத் தூண்டில்காரர்களுக்கென்று ஒதுக்கினார்கள். நீ வாரம் தவறாமல் போகும் லேக் மக்குவாரி அதில் ஒன்று, 2002-ல் அங்கே வணிக வலை நின்றது. கடலுக்குள் செயற்கைப் பாறைகள் இறக்கியதும் இந்தப் பணத்தில்தான். உன் 35 டாலரும் இந்தக் கணக்கில்தான் போய்ச் சேர்கிறது.

இங்கே கரையில் நிற்பவரிடம் யாரும் சீட்டுக் கேட்டதில்லை. அதே ஆள் தாமான் நெகாரா தேசியப் பூங்காவுக்குப் போனால் மீன்பிடிக்கப் பத்து வெள்ளி (ரிங்கிட்) கட்டுகிறார், ஒரு வார்த்தை பேசுவதில்லை. அங்கே கெலா மீனுக்காக லூபோக் தெனோரில் தூண்டிலே போடக் கூடாது என்றால் அதையும் கேட்டுக்கொள்கிறார். புலாவ் பாயார், ரெடாங், தியோமான் போன்ற கடல் பூங்காக்களைச் சுற்றி இரண்டு கடல் மைலுக்கு மீன்பிடிக்கத் தடை இருப்பதும் பழகிப்போன விஷயம்தான். ரொம்பினில் லாயாரான் என்ற பாய்மர மீனைப் பிடிக்கப் போகிறவர்கள் படகோரத்திலேயே படம் எடுத்துக்கொண்டு மீனை விட்டுவிடுகிறார்கள். அந்த மீனைத் தேடி வெளிநாட்டுக்காரர்கள் வருவதால் அந்த ஊர்ப் படகுக்காரர்களின் பிழைப்பும் ஓடுகிறது. அதனால் நம் ஆட்கள் கேட்க மாட்டார்கள் என்ற பேச்சை நான் ஒப்புக்கொள்வதில்லை.

ஏழைக்கு என்ன வழி என்றாய். உங்கள் ஊரில் 18 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை, ஓய்வூதியச் சலுகை அட்டை வைத்திருப்பவர்களுக்கும் இல்லை. இங்கேயும் அப்படியே செய்யலாம். கரையில் ஒற்றைத் தூண்டிலோடு நிற்கும் பெரியவருக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் இலவசம், படகேறிப் போகிறவருக்குக் கட்டணம். ஒரு இரவுப் படகு வாடகையில் பங்கு போடுகிறவருக்கு ஆண்டுக்கு ஐம்பது வெள்ளி பெரிய சுமையா என்ன?

சட்டம் வரும்போது வரட்டும். என் கடையில் சிலவற்றை இப்போதே தொடங்கிவிட்டேன். எங்கள் ஊர்த் தூண்டில் போட்டியில் எடைக்குப் பரிசு இனிக் கிடையாது என்று எங்கள் தூண்டில்காரர் குழுவில் பேசி முடித்தாயிற்று. ஈரமான அளவுகோலில் மீனைக் கிடத்தி, நீளத்தைப் படம் எடுத்து, உயிரோடு விட்டால்தான் பரிசு. சிலர் முகம் சுளித்தார்கள், ஒரு பெரிய படகுக்காரர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். போகட்டும். தூண்டில் முள் விற்கும்போது வட்ட முள்ளை எடுத்துக் காட்டுகிறேன். அது அநேகமாக வாயோரத்தில்தான் மாட்டும், தொண்டைக்குள் போகாது, விட்டாலும் மீன் பிழைக்கும். கையை நனைத்துக்கொண்டு தொடு, செவுளில் விரல் விட்டுத் தூக்காதே, பெரிய மீனுக்கு வயிற்றடியில் ஒரு கை கொடு என்று வருகிற பையன்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தச் சினை சியாக்காப் பையன்தான் இப்போது மற்றவர்களுக்குச் செய்து காட்டுகிறான். அழிவாபத்தில் உள்ள மீன்களைக் காக்கும் விதியில் 2019-ல் சேர்ந்த சம்மட்டித் தலைச் சுறாவையும் மாந்தா திருக்கையையும் படமாக அச்சடித்துக் கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். மாட்டினால் தூண்டில் நரம்பை அறுத்து விட்டுவிட வேண்டும் என்று மலாயிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது.

உன்னிடம் இரண்டு உதவி கேட்க வேண்டும். உங்கள் ஊர்த் தூண்டில் கடைகளில் அளவு போட்ட பாய் ஒன்று விற்பார்களே, அதைப் போலப் பத்துப் பதினைந்து வாங்கி அனுப்பு, காசை என் மகள் உன் மகன் கணக்கில் போட்டுவிடுவாள். இரண்டாவது, அதிகாரிகள் படகுத்துறையில் வந்து உரிமத்தையும் மீனையும் எப்படிச் சோதிக்கிறார்கள், அளவு குறைந்த மீன் வைத்திருந்தால் அபராதம் எவ்வளவு, அங்குள்ள தூண்டில்காரர்கள் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று கோபப்படாமல் விவரமாக எழுது. தீபாவளிக்குப் பிறகு மீன்வளத் துறை மாவட்ட அலுவலகத்தில் எங்கள் குழுவைப் பேச வரச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே உன் கடிதத்தை வைத்துத்தான் பேசப்போகிறேன்.

தங்கச்சியின் முழங்கால் எப்படி இருக்கிறது? உன் பேரன் இன்னும் தமிழில் பேசுகிறானா? பதில் எழுது.

அன்புடன்,
மாணிக்கம்