கண் மருத்துவமனை இல்லாமல் கண் டெக்னீஷியன் படிப்பா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பிளஸ் 2 முடிவு வந்ததிலிருந்து எங்கள் ஊர்ச் சுவர்களிலும் மினி பஸ்களின் முதுகிலும் கல்லூரி விளம்பரங்கள்தான். அலுவலக நிர்வாகம், கண் பரிசோதனை டெக்னீஷியன் என்று ஆறு மாத, ஒரு வருடச் சான்றிதழ் படிப்புகள். 'வேலை உறுதி' என்று கொட்டை எழுத்தில் வேறு போட்டிருக்கிறார்கள். இந்தப் படிப்புகளே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. டிகிரி முடிக்கும் வரை சம்பாத்தியத்துக்குக் காத்திருக்க முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இவை நல்ல வழி. ஆனால் மருத்துவமனையோடு ஒப்பந்தம் இல்லாத கல்லூரி, கண் டெக்னீஷியன் படிப்பை நடத்த விடக்கூடாது.

கண் முகாம்களில் தன்னார்வலராக நிற்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஒரு முகாமில் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டிக்குப் பரிசோதனை நடந்தது. ஆங்கில 'ஈ' எழுத்து நாலு பக்கமும் திரும்பி நிற்கும் சார்ட்டைக் காட்டி, "கால் எந்தப் பக்கம் இருக்கு, கையால காட்டுங்க பாட்டி" என்றார் டெக்னீஷியன் பெண். அப்புறம் ரெட்டினாஸ்கோப் என்ற கையடக்க ஒளிக்கருவியை எடுத்து, கண்ணின் பாவைக்குள் ஒளிக்கீற்றை அசைத்துப் பார்த்தார். உள்ளே தெரியும் சிவப்பு ஒளி, கருவி அசையும் பக்கமே நகர்ந்தால் பிளஸ் லென்ஸ். எதிர்ப்பக்கம் நகர்ந்தால் மைனஸ். ஒளி அசையாமல் பாவை முழுக்க நிறையும் வரை லென்ஸை மாற்றிக்கொண்டே போனார். பாட்டி வாய் திறப்பதற்கு முன்பே பவர் ஏறக்குறைய தெரிந்துவிட்டது. இது நூற்றுக்கணக்கான கண்களைப் பார்த்துப் பார்த்துப் பழகி வந்த கை.

அதே முகாமுக்கு, கல்லூரி ஒன்றில் ஒரு வருடப் படிப்பை முடித்த இன்னொரு பெண்ணும் வந்திருந்தார். ரெட்டினாஸ்கோப்பின் பாகங்களை எல்லாம் மனப்பாடமாகச் சொன்னார். ஆனால் அதைக் கையில் பிடித்ததில்லை. கல்லூரியில் இருந்தது ஒரு பழைய லென்ஸ் பெட்டியும் சுவரில் ஒரு சார்ட்டும்தானாம். கெட்டிக்காரப் பெண், அவர்மேல் ஒரு குறையும் இல்லை. வீட்டில் கடன் வாங்கிக் கட்டிய பணத்துக்குக் கிடைத்தது ஒரு சான்றிதழ் மட்டுமே. எந்தக் கண் மருத்துவமனையும் எடுத்துக்கொள்ளாததால் இப்போது துணிக்கடையில் பில் போடுகிறார். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

இது அந்தப் பெண்ணோடு முடிகிற விஷயமும் இல்லை. கண்புரை அறுவை சிகிச்சைக்கு முன்னால் கண்ணின் நீளத்தை அளந்து, உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிடுவது பெரும்பாலும் டெக்னீஷியன்தான். அதில் 1 மில்லிமீட்டர் பிசகினால் பவரில் சுமார் 2.5 டையாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) பிசகும். டாக்டர் எவ்வளவு நன்றாக ஆபரேஷன் செய்தாலும் அந்த மனிதருக்குப் பார்வை தெளிவாக வராது.

சரியான வழி நம் கண் முன்னாலேயே இருக்கிறது. 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பிளஸ் 2 முடித்த கிராமத்துப் பெண்களைச் சேர்த்து, உதவித்தொகையும் கொடுத்து, இரண்டு வருடம் மருத்துவமனைக்குள்ளேயே பயிற்சி தருகிறது. அங்கே கண்களைப் பரிசோதிப்பதிலும் அளவெடுப்பதிலும் பெரும்பங்கு அந்தப் பெண்களுடையது. சட்டமும் தெளிவாகத்தான் இருக்கிறது. 2021-ல் வந்த தேசிய துணை மருத்துவத் தொழில்முறையினர் ஆணையச் சட்டம், இத்தகைய படிப்புக்குக் குறைந்தது 2,000 மணி நேரம், இரண்டு வருடமாவது வேண்டும் என்கிறது. நாளுக்கு எட்டு மணி நேரம் வைத்தாலும் 250 நாள். ஆறு மாதத்தில் எப்படி முடியும்?

அலுவலகப் படிப்பு விஷயத்தில் இவ்வளவு ஆபத்து இல்லை, ஆனால் ஏமாற்றம் அதேதான். கல்லூரி தரும் சான்றிதழை வைத்துக்கொண்டு குரூப் 4 தட்டச்சர் பணிக்குப் போக முடியாது. அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் பாஸாக வேண்டும், சி.ஓ.ஏ. என்கிற கணினி அலுவலகத் தேர்வும் கேட்கிறார்கள். பாடத்திட்டத்தை அந்தத் தேர்வுகளோடு இணைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். மீதிக்கு, மருத்துவமனை அலுவலகத்திலேயே பயிற்சி கொடுக்கலாம். புறநோயாளிப் பதிவு, மருத்துவ ஆவணங்கள், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கான பேப்பர்கள் என்று அங்கே ஆள் தேவைப்படும் வேலை நிறைய இருக்கிறது. கல்லூரி ஒரே மருத்துவமனையோடு பேசினால் இரண்டு படிப்புக்கும் பயிற்சி இடம் கிடைத்துவிடும்.

உயர்கல்வித் துறையும் மக்கள் நல்வாழ்வுத் துறையும் சேர்ந்து இந்தக் கல்வியாண்டிலேயே ஒரு உத்தரவு போட வேண்டும். எந்த மருத்துவமனையில் பயிற்சி, எத்தனை மணி நேரம், யாருடைய அங்கீகாரம் என்ற மூன்றையும் விண்ணப்பப் படிவத்தின் முதல் பக்கத்தில் அச்சிடாத கல்லூரி, கட்டணம் வாங்கக்கூடாது. அது வரும்வரை பெற்றோர்களே இந்த மூன்றையும் கேளுங்கள். பதிலை எழுத்தில் தராத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திண்டுக்கல்.